புது மெஷினில் தண்ணீர் எப்படி வந்தது?

ஈசூன்_குமரன்: நேற்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார்: "திருப்பிக் கொடுத்த சாமானைச் சிங்கப்பூர்க் கடைகள் புதுசு என்று விற்கவே விற்காது." அப்படியா சார்? புதுசு என்று எனக்கு வந்த வாஷிங் மெஷினின் ஹோஸில் தண்ணீர் நின்றது. யார் வீட்டுத் தண்ணீர் அது?

வயர்மேன்: எழுதியது நான்தான். ரிட்டர்ன் வேர்ஹவுஸில் வேலை பார்த்தவன். தொழிற்சாலையிலேயே தண்ணீர் விட்டுத்தான் சோதிப்பார்கள், கொஞ்சம் தங்கும். கையேட்டிலேயே போட்டிருக்கும். படிக்கிற பழக்கம் உண்டா?

பொன்னி_பாத்தோக்: கொஞ்சம் என்றால்? துளியா, டம்ளரா?

ஈசூன்_குமரன்: டம்ளர்!

வயர்மேன்: திரும்பி வந்ததை என்ன செய்வோம் தெரியுமா? சீரியல் நம்பரை ரசீதோடு ஒப்பிடுவோம். பிளக், வயர், எர்த் பார்த்து ஒரு சுற்று ஓட விடுவோம். கீறல் மட்டும் என்றால் விலை குறைத்து 'ஓப்பன் பாக்ஸ்'. பாகம் மாற்றினால் 'ரிஃபர்பிஷ்ட்'. தேறாததை லாட்டாக வாங்கிப் போக ஆள் உண்டு, மிச்சம் மின்கழிவு. முன்பக்கம் திறக்கும் மெஷினில் டிரம் ஆடாமலிருக்கப் பின்னால் போல்ட் போட்டு அனுப்புவார்கள். ஒரு வீட்டில் ஓடிவிட்டு வந்தது என்றால் அதைக் கழற்றியிருப்பார்கள். உங்களுடையதில் போல்ட் இருந்ததா?

ஈசூன்_குமரன்: போல்ட்டை யார் கேட்டது? தண்ணீருக்குப் பதில் சொல்லுங்கள்.

தேக்கா_மாமா: தம்பி, 2012 செப்டம்பரிலிருந்து லெமன் சட்டம் இருக்கிறதே, கோளாறான சாமானை விற்ற கடையைப் பொறுப்பாக்குவது. ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், விற்கும்போது அது இல்லை என்று கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். கடையில் வாங்கிய பழைய சாமானுக்கும் உண்டு.

ஈசூன்_குமரன்: மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது மாமா. தண்ணீர்தான் கேள்வி.

பொன்னி_பாத்தோக்: என் பழைய மெஷினை டெலிவரிக்காரர் சும்மா தூக்கிப் போனார். பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்காரருக்குப் போட்டிருந்தால் பத்து வெள்ளியாவது தேறியிருக்கும்.

வயர்மேன்: 2021 ஜூலையிலிருந்து, புதுசு கொண்டுவரும்போது பழசை இலவசமாக எடுத்துப் போவது கடைக்காரர் கடமை அக்கா. கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நீங்களாகக் கொடுத்துவிட்டு இங்கே வந்து அழுதால்?

பொன்னி_பாத்தோக்: யார் அழுதது? ஏர்கானுக்கு வருஷா வருஷம் கேஸ் நிரப்பணும் என்று போன மாதம் அளந்தது யார்? கசிவு இல்லாவிட்டால் கேஸ் ஏன் குறையும்? அதற்கு இன்னும் பதில் காணோம்.

வயர்மேன்: அது வேறு திரி. இங்கே கேட்டதற்குத்தான் பதில் சொல்கிறேன். தொழிற்சாலைச் சோதனை. தொழிற்சாலைச் சோதனை. இன்னும் எத்தனை தடவை?

தேக்கா_மாமா: ஒரு டம்ளர் கொஞ்சம் அதிகம்தான் லா.

வயர்மேன்: நீங்களுமா மாமா? சரி, கையேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறேன்.

ஈசூன்_குமரன்: போடுங்கள். எத்தனை டம்ளர் என்று அதில் இருந்தால் வட்டம் போட்டுக் காட்டுங்கள்.