உம் கொட்டிய கதைகள்

எழுதத் தூண்டியது எது என்று கேட்டால் பலரும் ஒரு நாவலின் பெயரைச் சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்ல ஒரு புத்தகம் இல்லை. இரண்டு குரல்கள் இருக்கின்றன. ஒன்று என் ஆச்சியுடையது. இன்னொன்று அம்பாசமுத்திரத்துப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான கொடையில் வில்லுப்பாட்டுப் பாடிய புலவருடையது.

ஆச்சி பகலில் கதை சொல்ல மாட்டாள். பகலில் சொன்னால் வெளியூர் போனவர்கள் வழி மறந்துவிடுவார்கள் என்பாள். ராத்திரி சாப்பாடு முடிந்து, முற்றத்தில் பாய் விரித்த பிறகுதான் தொடங்குவாள். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. யாராவது ஒருவர் உம் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பேரப்பிள்ளைகளில் அந்த வேலை பெரும்பாலும் எனக்குத்தான் வரும். என் 'உம்' இழுத்தாற்போல் வந்தால் எனக்குத் தூக்கம் வருகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். உடனே, அடுத்த ஊரில் வரவேண்டிய திருடனை இந்த ஊர்ச் சத்திரத்துக்கே கூட்டிவந்துவிடுவாள். 'உம்' பளிச்சென்று வந்தால் அவசரப்பட மாட்டாள். ராஜா வீட்டுப் பந்தியில் என்னென்ன கறி, யார் யார் பரிமாறினார்கள், எந்த மருமகளுக்குக் கூட்டு எட்டவில்லை என்பது வரைக்கும் சொல்வாள். ஒரே கதைதான். ஒரு நாள் சட்டென்று முடியும், இன்னொரு நாள் நடுச்சாமம் வரை போகும். கதையின் நீளத்தைக் கேட்பவன் தீர்மானிக்கிறான் என்பதை நான் எந்தப் பயிலரங்கிலும் கற்கவில்லை.

கொடை வேறு உலகம். எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு வெறும் கலை நிகழ்ச்சி கிடையாது. கோமரத்தாடி என்று நாங்கள் சொல்லும் சாமியாடிக்குச் சாமி வருவதற்கே அந்தக் கதை வேண்டும். மணி கட்டிய வில்லைக் குடத்தின் கழுத்தோடு பிணைத்து, நடுவில் புலவர் வில்லை அடிக்கும் வீசுகோலோடு உட்கார்ந்திருப்பார். உடுக்கை, தாளம், கட்டை ஒரு பக்கம். பின்பாட்டுக்காரர்கள் இன்னொரு பக்கம். புலவர் ஒரு வரி சொன்னதும் அவர்கள் 'ஆமா' போடுவார்கள். ஆச்சிக்கு நான் கொட்டிய 'உம்'மை இங்கே ஒரு குழுவே சேர்ந்து கொட்டுகிறது என்று அந்த வயதிலேயே எனக்குத் தோன்றியது. என்.எஸ். கிருஷ்ணன், சுப்பு ஆறுமுகம் போன்றவர்கள் இந்த வடிவத்தை மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுபோனார்கள். அதுவும் பெரிய சேவைதான். ஆனால் நடுராத்திரியில் நடக்கும் சாமக்கொடையில் கேட்கும் வில்லுக்கு உள்ள உக்கிரம் வேறு.

வளர்ந்து, சில கதைகள் அச்சான பிறகு, அந்தப் புலவரைத் தேடிப்போனேன். பாடுவதை நிறுத்தியிருந்தார். திண்ணையில் உட்கார வைத்து, கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். வெகுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். "எந்த இடத்துல கதையை நீட்டணும், எங்க சுருக்கணும்னு எப்படிய்யா தெரியும்?"

"கோமரத்தாடி காலைப் பாப்பேன் தம்பி. பெருவிரல் தரையை அழுத்த ஆரம்பிச்சிட்டுன்னா, அதுக்கு மேல வர்ணனை ஆகாது. நேரா சாமியை அழைக்கிற வரத்துப் பாடிர வேண்டியதுதான். வெரல் சும்மா இருந்தா ஆத்தங்கரை, தோப்பு, மாடு கன்னு எல்லாத்தையும் பாடலாம்."

இன்றைக்கும் ஒரு கதையில் வர்ணனை எழுதும்போது அந்தப் பெருவிரல் ஞாபகத்துக்கு வரும். நல்ல வரியாக இருந்தாலும் அந்த இடத்தில் அது நிற்கக் கூடாது என்றால் அடித்துவிடுவேன்.

எங்கள் ஊரில் அதிகம் பாடப்பட்டது முத்துப்பட்டன் கதை. பிராமண வீட்டில் பிறந்த பட்டன், செருப்புத் தைக்கும் சாதிக்காரரான வாலப்பகடையின் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் கண்டு மயங்குகிறான். கட்டிக்கொடு என்று கேட்கிறான். பூணூலை அறுத்து, குடுமியைக் களைந்து, செருப்புத் தைக்கப் பழகி வந்தால் தருகிறேன் என்கிறார் வாலப்பகடை. அவன் அப்படியே செய்கிறான். கல்யாணமான கையோடு மாடு திருட வந்தவர்களை எதிர்த்துப் போய்ச் சாகிறான். மனைவியர் இருவரும் தீப்பாய்கிறார்கள். பாபநாசத்துக்கு மேலே, காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் அவன் பட்டவராயன் என்ற சாமியாக இருக்கிறான். அங்கே காணிக்கையாக வைப்பது தோல் செருப்பு. ஒரு காதலுக்காகச் சாதியை விட்டவனுக்கு இதைவிடப் பொருத்தமான காணிக்கை இருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றும்.

எங்கள் ஊரில் பாடியபோது இன்னொரு பகுதியும் உண்டு. அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று வரும். சின்ன வயதில் அதையும் உம் கொட்டித்தான் கேட்டேன். கல்லூரிக் காலத்தில், நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை பதிப்பித்து 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட இந்தக் கதையின் பதிப்பு பாளையங்கோட்டையில் ஒரு நூலகத்தில் கையில் கிடைத்தது. அந்தப் பிறப்புக் கதை பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது, மேல்சாதியாரின் மனம் கோணாமல் இருக்கச் செய்த மாற்றம் என்பது அவருடைய முடிவு. அன்று நூலகம் மூடும்வரை எழுந்திருக்க மனம் வரவில்லை. கேட்பவன் கதையை வளர்க்கிறான் என்று மட்டும் நம்பிக்கொண்டிருந்தவன் நான். முன் வரிசையில், கொடைக்கு வரிப்பணம் கொடுத்து, அதிகாரத்தோடு உட்கார்ந்திருப்பவன் கதையை வளைக்கவும் செய்வான் என்று அன்றைக்குப் புரிந்தது. பாடிய புலவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் அந்த ஊரில்தான் மறுநாளும் இருக்க வேண்டும்.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு பத்திரிகைக்குக் கதை அனுப்பினேன். துப்புரவுப் பணி செய்யும் ஒரு பெண் பெரிய வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடும் காட்சி அதில் உண்டு. கதை பிடித்திருக்கிறது, அவள் வேறு வேலை பார்ப்பதாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டார்கள். பொம்மக்காவும் திம்மக்காவும்தான் கண்முன்னே வந்தார்கள். கதையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பிறகு ஒரு சிற்றிதழில் ஒரு வரிகூட மாறாமல் வந்தது. என் கதைகளில் எனக்கு இன்றும் மிகவும் பிடித்தது அதுதான்.

குரலில் கேட்டதை அச்சில் கொண்டுவர முடியும் என்ற தைரியத்தைக் கொடுத்தவர் கி.ராஜநாராயணன். கோவில்பட்டி பக்கத்து இடைசெவல்காரர். 'சரஸ்வதி' இதழில் 1958-இல் 'மாயமான்' சிறுகதை வந்தபோது அவருக்கு முப்பது வயதைத் தாண்டிவிட்டது. பள்ளிப் படிப்பை முடிக்காதவர், நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டியதற்காகவே புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உட்கார்ந்தார். 2021-இல் அவர் மறைந்தபோது அரசு மரியாதையோடு வழியனுப்பினார்கள். அவரைப் படித்த பிறகுதான், ஆச்சி சொன்ன அந்தக் கூட்டு எட்டாத மருமகளும் இலக்கியம்தான் என்று தெரிந்தது.

சரி, இப்போது எப்படி எழுதுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அலுவலகம் போவதற்கு முன்னால், விடியற்காலையில் எழுதுவேன். ஒரு பகுதி முடிந்ததும் ஊரில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டு வாசிப்பேன். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஆச்சியின் மகள். உம் கொட்டுவதில் ஆச்சி வீட்டுப் பழக்கம் அப்படியே இருக்கிறது. அவள் 'உம்' எங்கே நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். அது சலித்துப்போய் நின்ற மௌனமா, நெஞ்சில் தைத்து நின்ற மௌனமா என்று கேட்டுத் தெரிந்துகொள்வேன். முதலாவது என்றால் வெட்டுவேன். இரண்டாவது என்றால் யார் சொன்னாலும் கை வைக்க மாட்டேன்.

இப்போது திம்மக்காவைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் கேட்ட பாட்டுகளில் அந்த இரண்டு பெண்களும் எப்போதும் சேர்ந்தே வருகிறார்கள், சேர்ந்தே அழுகிறார்கள். திம்மக்காவுக்கென்று தனியாக ஒரு பேச்சு என் காதில் விழுந்ததில்லை. கல்யாண ராத்திரி வரைக்கும் எழுதி அத்தைக்கு வாசித்தேன். நடுவில் நிறுத்தி, "அவளுக்கு இவன் மேல இஷ்டமான்னு யாராவது கேட்டாங்களால?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. வரும் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகிறேன். அங்கே கூடும் பெண்களிடம் அத்தையின் கேள்வியை அப்படியே கேட்கப் போகிறேன். இந்தக் கதையை வேறு ஊரில், வேறு மாதிரிக் கேட்டவர்கள் இருந்தால், திம்மக்கா அங்கே தனியாக ஏதாவது பேசுகிறாளா என்று எழுதுங்கள்.