ஒஃபீஸ் மெயில்ல என்கிரிப்ஷனை டிஃபோல்ட்டா போடலாமா? பப்ளிக் கீயை எங்க வைக்கிறது?

உவர்மலை_நிலா:
வணக்கம் எல்லாருக்கும். திருகோணமலைல காணிப் பிரச்சனை பாக்கிற சின்ன ஒஃபீஸ் எங்கட, மொத்தம் 11 பேர். சனத்தின்ட காணி உறுதி, அடையாள அட்டைக் கொப்பி எல்லாம் மட்டக்களப்பு லோயருக்கு மெயில்லதான் போகுது, அதால எல்லாருக்கும் தண்டர்பேர்ட் மெயில் புரோகிராம்ல பிஜிபி எண்ட, மெயிலைப் பூட்டி அனுப்புற என்கிரிப்ஷன் முறையைப் போட்டுக் குடுத்தன். அனுப்புறவர் பூட்டுறது எங்கட பப்ளிக் கீயால, நாங்க திறக்கிறது எங்கட பிரைவேட் கீயால. போன கிழமை லோயர் அனுப்பின மெயில் எங்கட அக்கா ஒராளுக்குத் திறக்கவே இல்ல. பாத்தா அவர், பப்ளிக் கீயளைப் போட்டு வைக்கிற பழைய கீசேர்வர் ஒண்டில இருந்த அக்கான்ட பழைய கீக்கு அனுப்பியிருக்கிறார், அதின்ட பிரைவேட் கீ இருந்த லெப்டொப் மழைத்தண்ணி பட்டுப் பழுதாகி ரெண்டு வருசம். விடிஞ்சா வழக்கு, கடைசில உறுதியை அப்பிடியே வட்சப்ல வாங்கினம். எனக்கு மனசே கேக்கேல்ல. சரியான கீ தானாக் கிடைக்க என்ன செய்யலாம்? எல்லா மெயிலையும் கட்டாயம் என்கிரிப்ட் எண்டு போடவா?

சீனக்குடா_அட்மின்:
தங்கச்சி, பழைய கீசேர்வர்ல ஆரும் ஆரின்ட பேரிலயும் கீ ஏத்தலாம், ஏத்தினதை அழிக்கவும் ஏலாது. 2019ல அதுகள்ல இருந்த சில கீயள்ல குப்பை டிஜிட்டல் கையெழுத்துகளைக் கொட்டி அந்தக் கீயளையே பாவிக்க ஏலாமப் பண்ணினவங்கள். உங்களுக்குச் சொந்த டொமைன் இருக்குத்தானே, வெப் கீ டைரக்டரி போடுங்கோ. மெயில் விலாசத்தில அட் குறிக்கு முன்னால இருக்கிற பேரை ஹாஷ் பண்ணினா, அதாவது கணக்குப் போட்டு வேற எழுத்துகளா மாத்தினா, 32 எழுத்தில ஒரு ஃபைல் பேர் வரும், அந்தப் பேரில கீயை உங்கட வெப்சைட்டிலயே வைக்கிறது. அனுப்புறவரின்ட தண்டர்பேர்ட் எச்டிடிபிஎஸ் வழியா வந்து எடுக்கும். ரெண்டு இடத்தில ஆக்கள் மாட்டுப்படுறவை: கீ பைனரியா இருக்கோணும், பிகின் பிஜிபி பப்ளிக் கீ எண்டு தொடங்கிற டெக்ஸ்ட் ஃபைலைப் போட்டா வேலை செய்யாது. மற்றது பொலிசி எண்டு ஒரு ஃபைல், வெறுமையா இருந்தாலும் பரவாயில்ல, இருக்கவேணும்.

ஆனா லோயரின்ட மெஷின்ல பழைய கீ கிடக்கும்வரை அதைத்தான் எடுக்கும். போன் எடுத்து அதை அழிக்கச் சொல்லுங்கோ, அப்பிடியே புது கீயை அடையாளம் காட்டுற எண்ணெழுத்து வரிசை, அதின்ட ஃபிங்கர்பிரின்ட்டையும் வாசிச்சுக் காட்டுங்கோ.

நிலாவெளி_தம்பி:
அக்கா கட்டாயம் எண்டு போடாதேங்கோ. கீ இல்லாத ஆளுக்கு மெயிலே போகாது, ரெண்டாம் நாளே எல்லாரும் ஓஃப் பண்ணிப்போட்டு சொந்த ஜிமெயிலுக்குப் போயிடுவினம், நான் வேலை செய்த இடத்தில அதுதான் நடந்தது. புது தண்டர்பேர்ட்ல ஏலுமான நேரம் தானா என்கிரிப்ட் பண்ணுற செட்டிங் இருக்கு, அது போதும். உறுதி, அடையாள அட்டை போற மெயிலுக்கு மட்டும் அனுப்ப முன்னம் பூட்டுக் குறியைப் பாக்கச் சொல்லுங்கோ. எல்லா மெயில் புரோகிராமும் சப்ஜெக்ட்டை மறைக்காது, அதில காணிக்காரரின்ட பேர் எழுத வேண்டாம்.

இதுகளுக்கு முதல் பேக்கப். 11 பேரின்ட பிரைவேட் கீயையும் கீ செல்லாதெண்டு அறிவிக்கிற ரிவோக்கேஷன் சேர்ட்டிபிகேட்டையும் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி பென்டிரைவ்ல எடுத்து அலுமாரில பூட்டி வையுங்கோ. அக்கான்ட பழைய கீக்கு ரிவோக்கேஷன் சேர்ட்டிபிகேட் இருந்திருந்தா அண்டைக்கே செல்லாதெண்டு போட்டிருக்கலாம்.

உவர்மலை_நிலா:
அண்ணா, தம்பி, ரெண்டு பேருக்கும் பெரிய உபகாரம். நேற்றுப் பின்னேரம் போட்டன், முதல் தரம் டெக்ஸ்ட் ஃபைலைத்தான் ஏத்தியிருக்கிறன், அண்ணா சொன்ன அதே பிழை. மாத்தின உடன லோயருக்கு கீ கிடைச்சிட்டுது, அக்கா மெயிலைத் திறந்து உறுதியை வாசிச்சவ. பேக்கப் இன்னும் ஏழு பேருக்கு எடுக்க இருக்கு, திங்கள் எல்லாரும் ஒஃபீஸுக்கு வந்தாப் பிறகு எடுக்கிறன், அதுவரைக்கும் அந்த தானா என்கிரிப்ட் பண்ணுற செட்டிங்கைத் தொடமாட்டன்.