கொள்ளுத்தாத்தா துப்பாக்கி

முரளி: 📷 பெரியப்பா, துப்பாக்கியோட மரக்கட்டையில பதிச்ச வெள்ளிக் கொடி ரெண்டு இடத்துல எழும்பி நிக்குது. எலும்புப் பூ ஒண்ணு கழண்டு கையோட வந்துடுச்சு. சூப்பர் க்ளூ வச்சு ஒட்டிடவா?

பெரியப்பா: தொடாதே

பெரியப்பா: முதல்ல உள்ள வெடிமருந்து கெட்டிச்சிருக்கான்னு பாத்தியா?

முரளி: காலங்காலமா சுவத்துல தொங்குது பெரியப்பா 😄

பெரியப்பா: அப்படித் தொங்கினதுலதான் குண்டோட கிடைச்சிருக்கு. நீளக் குச்சியைக் குழல்ல அடி வரைக்கும் விட்டு, வாய் விளிம்புல குறி போடு. எடுத்து வெளிப்பக்கமா வச்சுப் பாரு. நெருப்புத் துளை, அதான் மருந்துக்கு நெருப்பு போற ஓட்டை, அது வரைக்கும் எட்டணும். எட்டலைன்னா உள்ள ஏதோ அடைச்சிருக்கு, அப்படியே வச்சிடு, விவரம் தெரிஞ்சவங்க எடுக்கட்டும். வாய்க்கு நேரா நிக்காதே

முரளி: எட்டுது. காலிதான் 🙏

பெரியப்பா: சரி. மரம் ஈரத்துல உப்பும், காய்ஞ்சா சுருங்கும். வெள்ளி அப்படி அசையாது. அதான் வெளிய தள்ளிடுச்சு. சுத்தியால தட்டினா மடங்கிடும்

பெரியப்பா: அது உருண்டைக் கம்பி இல்லப்பா, நாடா மாதிரி தட்டை. மரத்தைக் கீறி, அதுல நாடாவை நிமித்தி வச்சு அழுத்துவாங்க. ஈரம் காட்டினா மரம் உப்பிக் கவ்விக்கும். கீறல்ல இருக்கிற அழுக்கை ஊசி முனையால எடு. தூரிகையில துளி தண்ணி, அந்த இடத்துல மட்டும். அப்புறம் சின்ன மரத்துண்டு வச்சு விரலால அழுத்து

கீதா அக்கா: அந்தப் பூ தந்தமா இருக்குமோ பெரியப்பா?

பெரியப்பா: லென்ஸ்ல பாரு. பொடிப்பொடியா கறுப்புப் புள்ளி, கோடு இருந்தா எலும்பு, ரத்தக்குழாய் ஓடின தடம். வளைகோடுங்க ஒண்ணையொண்ணு வெட்டிக்கிட்டா தந்தம்

முரளி: புள்ளிதான் இருக்கு

பெரியப்பா: நல்லது. விடுபட்ட இதழுக்கும் மாட்டெலும்பே போதும். தந்தம் தேடுற வேலையே வேண்டாம், ஆப்பிரிக்க யானைத் தந்தத்தை நாடு விட்டு நாடு விக்கிறதுக்கும் 1989-லயே சைட்டிஸ் (அழியுற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தம்) மாநாட்டுல தடை போட்டாச்சு. எலும்பை அறுக்கும்போது மாஸ்க் போட்டுக்கோ, தூசி நெஞ்சுக்கு ஆகாது

பெரியப்பா: பூவுக்கு அடியில தேன் நிறத்துல ஏதாவது நொறுங்குதா?

முரளி: ஆமா, கண்ணாடித் தூள் மாதிரி

பெரியப்பா: பழைய வஜ்ரம், மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. புது வஜ்ரமே காய்ச்சி ஒட்டு. நாளைக்கு எவனாவது கழட்டணும்னா வெந்நீர்ல இளகி விட்டுடும். சூப்பர் க்ளூவுக்கு அசிட்டோன் வேணும், அது வார்னிஷையும் தின்னுடும்

செந்தில்: பெரியப்பா... போன வாரம் ஒரு பூவை நான் ஒட்டிட்டேன் 🙈

முரளி: டேய்!! எதை வச்சு?

செந்தில்: அதே க்ளூதான்

பெரியப்பா: சரி விடு. அதை நோண்டாதே, இருக்கட்டும்

செந்தில்: வெள்ளி கறுத்திருக்கே, டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ச்சுடவா?

பெரியப்பா: முரளி, அந்த ரூமைப் பூட்டு