உண்ணி ஒன்றுகூட இல்லை, ஆனாலும் நாய் சொறிகிறது

குடமுருட்டிக்கரை:
பாபநாசம் பக்கத்துக் கிராமம். எங்கள் செவலை நாட்டு நாய்தான், நாலு வயது. மாசி பிறந்ததிலிருந்து ஒரே சொறிச்சல். ராத்திரி இரண்டு மணிக்குத் திண்ணையில் டொக் டொக்கென்று கால் தட்டுகிற சத்தம் கேட்கும். எழுந்து போய்ப் பார்த்தால், உடம்பை வளைத்து வாலடியைக் கடித்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் முடி கொட்டி, தோல் கறுத்துத் தடித்துவிட்டது. ஒரு மாதிரி புளித்த வாடை வேறு. காது, கழுத்து, விரலிடுக்கு எல்லாம் தினமும் தடவிப் பார்க்கிறேன். உண்ணி ஒன்றுகூட இல்லை.

உள்ளூரில் ஊசி போட்டார்கள். பத்து நாள் நிம்மதி, பதினோராம் நாள் பழையபடி. இரண்டாவது ஊசிக்கும் அதே கதை. கருவாட்டுச் சோறு போட்டதால் வந்த சூடு என்கிறார் மாமியார். வயலில் அடித்த மருந்து என்கிறார் வீட்டுக்காரர். எனக்கென்னவோ, சம்பா அறுத்த வயலில் கிடை போட்டிருந்த கீதாரியின் ஆடுகள் மேல் சந்தேகம். செவலை ஒரு வாரம் அங்கேயேதான் சுற்றியது. கருவாட்டை நிறுத்தி எட்டு நாள் ஆகிறது, ஒரு வித்தியாசமும் இல்லை. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெண்ணாறு:
வேப்பெண்ணெயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து பூசுங்கள் அக்கா. அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் அதுதான்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
மண்ணெண்ணெய் வேண்டாம் தம்பி. தோல் வெந்துவிடும். நாய் நக்கினால் உள்ளேயும் போகும். முதுகு வெந்து வந்த நாய்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

அம்மா, பாதி பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். எங்கே சொறிகிறது என்பதுதான் முதல் துப்பு. கண்ணுக்குத் தெரியாத சொறிப்பூச்சியாக இருந்தால் பெரும்பாலும் காது விளிம்பு, முழங்கை, பின்னங்கால் மூட்டு என்று ஆரம்பிக்கும். காது ஓரத்தை விரலால் தேய்த்தால் பின்னங்கால் தானாகச் சொறிய ஆரம்பிக்கும். வீட்டில் இருப்பவர்களுக்கும் அரிக்கும். பாதத்தை ஓயாமல் நக்குவது, காதில் அடிக்கடி சீழ் வைப்பது என்றால் ஒவ்வாமைப் பக்கம் யோசிக்கலாம். சாப்பாட்டின் மேல் சந்தேகம் என்றால் எட்டு நாள் போதாது. அதுவரை சாப்பிடாத கறி ஒன்றை மட்டும் வைத்து எட்டு வாரம் பார்க்க வேண்டும், நடுவில் ஒரு பிஸ்கட்கூடக் கூடாது.

உங்கள் செவலைக்கு வாலடி. நான் முதலில் சந்தேகப்படுவது தெள்ளுப்பூச்சியை. நீங்கள் தேடியது உண்ணியை. உண்ணி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், கையில் தட்டுப்படும். தெள்ளு முடிக்குள் ஓடும், குதிக்கும். பாதியை நாயே கடித்து விழுங்கிவிடும். அதன் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும். பேன் சீப்பால் வாலடியை வாருங்கள். மிளகுத்தூள் மாதிரி ஏதாவது வந்தால் ஈர வெள்ளைத் துணியில் கொட்டிப் பாருங்கள். மண் என்றால் மண்ணாகவே இருக்கும். தெள்ளின் கழிவென்றால் செங்காவியாகக் கரையும், அது செரித்த ரத்தம்.

அந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும். அரிப்பை அமுக்கும், காரணத்தைத் தொடாது. சோதனை செய்யாமல் மூன்றாவது ஊசி வேண்டாம்.

குடமுருட்டிக்கரை:
துணி சிவந்துவிட்டது சார்! பூச்சி ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது, அதுவும் தப்பிவிட்டது. சீப்பு என் மகளுடையது, அவளிடம் இன்னும் சொல்லவில்லை. குளிப்பாட்டினால் போதுமா?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
போதாது. நாய் மேல் இருப்பது கொஞ்சம்தான். முட்டை உருண்டு கீழே விழும், புழு சாக்கிலும் மண்ணிலும் வளரும், கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருக்கும். செவலை எங்கெல்லாம் படுக்கிறது என்று ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பாருங்கள். புளித்த வாடை என்றீர்களே, அது தோலில் பெருகுகிற ஈஸ்ட் என்னும் பூஞ்சையாக இருக்கலாம். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போய்த் தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் பூனை உண்டா? நாய்க்கு விற்கிற சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனைக்கு விஷம்.

குடமுருட்டிக்கரை (மூன்று வாரம் கழித்து):
பூனை இல்லை என்று எழுத இருந்தேன் சார். நல்லவேளை, செவலை பின்னால் போனேன். மதிய வெயிலுக்கு அது ஒதுங்குவது தையில் போட்ட புது வைக்கோல் போருக்கு அடியில். அங்கே ஒரு பூனை நாலு குட்டி போட்டு வைத்திருக்கிறது! இரண்டும் சண்டை போடாமல் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கின்றன. குனிந்து பார்த்த எனக்கே கணுக்காலில் ஏழெட்டுக் கடி.

தம்பியின் டாடா ஏஸில் ஒரத்தநாடு போனோம். சுரண்டிப் பார்த்ததில் சொறிப்பூச்சி இல்லை, நீங்கள் சொன்ன ஈஸ்ட் இருந்தது. எடை பார்த்து (18 கிலோ) தெள்ளுக்கு மாத்திரை, வாரம் இரண்டு தடவை மருந்து ஷாம்பு. நுரையோடு பத்து நிமிஷம் விட வேண்டுமாம், அந்தப் பத்து நிமிஷம் செவலையைப் பிடித்து வைப்பதற்குள் எனக்கு உயிர் போகிறது. பூனைக்குத் தனி மருந்து. சாக்கைக் கொளுத்தியாயிற்று, திண்ணை வெடிப்பை வீட்டுக்காரர் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார். ராத்திரிச் சத்தம் நின்று ஐந்து நாள் ஆகிறது. வாலடியில் புசுபுசுவென்று முடி தெரிகிறது. மாமியார் கருவாட்டை மறுபடி ஆரம்பித்துவிட்டார். கீதாரியிடம் நான் முகம் கொடுத்தே பேசவில்லை, இப்போது சங்கடமாக இருக்கிறது. அவர் கிடையைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வெண்ணாறு:
சார், எங்கள் நாய்க்குக் காது விளிம்பில் தோல் உரிகிறது. தேய்த்துப் பார்த்தேன், கால் ஆடுகிறது. இரண்டு நாளாக என் கையும் அரிக்கிறது. மண்ணெண்ணெய் வைக்கவில்லை.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
நாளைக் காலையிலேயே கிளம்புங்கள் தம்பி. நாயைக் காட்டிவிட்டு, உங்கள் கையையும் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்.