மறு: தொண்டை வலிக்குத் 'தாமதச் சீட்டு' பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

தொண்டை வலிக்கு ஆன்டிபயாடிக் சீட்டை இன்றே கொடுத்து, சில நாள் பார்த்துத் தேவைப்பட்டால் மட்டும் வாங்கச் சொல்லும் முறைக்கு (delayed prescription) நம் அகராதியில் எந்தப் பெயர் வைப்பது என்பது கேள்வி. அதற்கு வந்த 'தாமதச் சீட்டு' எனக்குச் சரியாகப் படவில்லை. குடியாத்தத்தில் ஒரு நோயாளியிடம் சொல்லிப் பாருங்கள். மருத்துவர் சீட்டு எழுதத் தாமதித்துவிட்டார் என்றுதான் புரிந்துகொள்வார். குழுவில் ஓர் அம்மா முன்வைத்த 'காத்திருப்புச் சீட்டு' காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் காட்பாடியில் ரயிலேறுகிறவர்களுக்கு அது உறுதியாகாத டிக்கெட். 'ஒருவேளைச் சீட்டு' இன்னும் ஆபத்து. ஒரு வேளை மட்டும் விழுங்கினால் போதும் என்றாகிவிடும். 10 நாள் பெனிசிலின் எழுதுகிற இடத்தில் இந்த விளையாட்டு வேண்டாம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது, ஒரு வாரத்தில் தானே அடங்குவது. அங்கே ஆன்டிபயாடிக் வீண். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவாக இருக்குமோ என்று எடைபோட, 1981இல் சென்டர் என்ற மருத்துவரும் உடனிருந்தவர்களும் நான்கு அடையாளங்களை வகுத்தார்கள்: காய்ச்சல், டான்சில் மேல் சீழ், கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கும் நெறிக்கட்டு, இருமல் இல்லாமை. கடைசி அடையாளத்தை எங்கள் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை. இருமலும் சேர்ந்தால்தான் நோய் முற்றியது என்பது ஊர்க் கணக்கு. பிரிட்டனில் இதையொத்த ஐந்து மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது. அதில் 2 அல்லது 3 வந்தால் ஆன்டிபயாடிக் இல்லாமல் அனுப்பலாம். அல்லது சீட்டை இன்றே கொடுத்து, 3 முதல் 5 நாள்களில் குறையாவிட்டாலோ சட்டென்று மோசமானாலோ மட்டும் வாங்கச் சொல்லலாம். நாம் பெயர் தேடுவது இந்தச் சீட்டுக்குத்தான்.

'பொறுத்து வாங்கும் சீட்டு' என்பது என் பரிந்துரை. பொறுமையாக இருந்து வாங்குவது, நிலைமையைப் பொறுத்து வாங்குவது, இரண்டு பொருளும் இங்கே தேவை. மூன்று சொல்லா என்று முகம் சுளிப்பவர்கள் நோயாளியிடம் பேசிப் பார்க்கட்டும்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை வலிக்குப் பின்னால் வரும் ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுக்கும் நாட்டில் பொறுக்கச் சொல்வதா என்று குழுவில் ஓர் ஐயா கேட்டது நியாயமான கேள்வி. வலி தொடங்கிய 9 நாள்களுக்குள் பெனிசிலினைத் தொடங்கினாலும் அந்தக் காய்ச்சலைத் தடுக்கலாம். ஆனாலும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு நான்கு அடையாளமும் இருந்தால் நான் பொறுக்கச் சொல்லமாட்டேன். தொண்டையில் சாம்பல் நிறப் படலம், வாயைத் திறக்க முடியாமை, எச்சில் வழிதல், மூச்சுத்திணறல் என்றால் உடனே மருத்துவமனைதான். அகராதிப் பதிவில் இந்த வரி கட்டாயம் வர வேண்டும். அந்தப் படலத்தை உண்டாக்கும் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) இன்னும் ஒழிந்துவிடவில்லை.

சீட்டே இல்லாமல் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கடையில் கிடைக்கும்போது இந்தச் சொல் எதற்கு என்று இன்னொருவர் எழுதியிருந்தார். சட்டப்படி அப்படி விற்கக்கூடாது என்பது அவருக்கும் தெரியும். கடைக்காரருக்கும் நாள் தெரிய வேண்டுமென்றால், 'இந்தத் தேதிக்கு முன் வாங்க வேண்டாம்' என்று சீட்டிலேயே ஒரு வரி அச்சிடலாம். அந்த வரியின் வாசகத்தை யாராவது சுருக்கித் தந்தால் நல்லது.