மௌனப்பட நாயகி சுலோசனா: பேசும்படம் வந்ததும் என்ன ஆனார்?

கொட்டகை_பெஞ்சு:
1953-ல் வந்த இந்தி ‘அனார்கலி’யில் சலீமுக்கு அம்மாவாக ஒருவர் வருகிறார். யாரென்று தேடினால், 1928-ல் மௌனப்படமாக வந்த ‘அனார்கலி’யில் அவர்தான் கதாநாயகியாம்! பெயர் சுலோசனா, இயற்பெயர் ரூபி மையர்ஸ். பம்பாய் கவர்னரைவிட அதிகச் சம்பளம் வாங்கினார் என்று அந்தக் காலத்தில் பேச்சாம். அப்படிப்பட்டவர் ஏன் இப்படி ஓரத்துக்குப் போனார்? குரல் சரியில்லை என்று ஒதுக்கிவிட்டார்களா? அவருடைய மௌனப்படங்கள் எதையாவது இப்போது பார்க்க வழி உண்டா?

ரீல்பெட்டி:
குரல் அல்ல, மொழிதான் சிக்கல். 1907-ல் புனேயில் ஒரு பாக்தாதி யூதக் குடும்பத்தில் பிறந்தவர். டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது கோஹினூர் படக் கம்பெனியின் இயக்குநர் மோகன் பவ்னானி நடிக்கக் கூப்பிட்டார், இவர் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். அன்றைக்கு சினிமா என்றாலே கெட்ட பெயர். 1913-ல் பால்கே எடுத்த ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் அரிச்சந்திரனின் மனைவி தாராமதியாக நடிக்கப் பெண்ணே கிடைக்காமல் அண்ணா சாளுங்கே என்ற ஆணுக்குப் புடவை கட்டிவிட்டார்கள். அதனால்தான் தொடக்க கால நாயகிகளில் பலர் யூத, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலிருந்து வந்தார்கள்.

சுலோசனாவை வெறும் அழகுப் பொம்மையாக நினைத்துவிடாதீர்கள். 1927-ல் வந்த ‘வைல்ட்கேட் ஆஃப் பாம்பே’யில் 8 வேடம்! தோட்டக்காரர், போலீஸ்காரர், வாழைப்பழம் விற்கும் கிழவி, பொன்னிறக் கூந்தல் ஐரோப்பியப் பெண் என்று ஆளே மாறி மாறி வருவார். வசனம் இல்லாத படத்தில், நடையையும் கையையும் கண்ணையும் வைத்தே ஆண் பெண் வித்தியாசம், வயது வித்தியாசம் எல்லாம் காட்டியாக வேண்டும். அந்த ஒரு படத்துக்காகவே நான் அவரைப் பெரிய நடிகை என்பேன்.

நாடக_மேடை:
மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துப் பாருங்கள். அவர் நட்சத்திரமாக இருந்த இம்பீரியல் கம்பெனிதான் 1931 மார்ச் 14 அன்று இந்தியாவின் முதல் பேசும்படமான ‘ஆலம் ஆரா’வை வெளியிட்டது. நாயகி சுலோசனா இல்லை, சுபைதா. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று அதே கம்பெனியின் ‘காளிதாஸ்’ வந்தது, அதில் நாயகி நம்ம திருவையாறு டி.பி. ராஜலட்சுமி. இவரும் மௌனப்படங்களில் நடித்தவர்தான், ஆனால் அதற்கும் முன்பே நாடக மேடையில் பாடி நடித்துப் பழகியவர். மைக் வந்ததும் அவருக்குக் கதவு திறந்தது, சுலோசனாவுக்கு இந்துஸ்தானி மொழி (இந்தி-உருது) சரளமாக வராததால் அடைத்துக்கொண்டது. ஒரே கம்பெனி, ஒரே ஆண்டு! எனக்கு இது ஒவ்வொரு முறையும் மனசை என்னவோ செய்யும்.

ரீல்பெட்டி:
உண்மைதான், ஆனால் கதவு ஒரேயடியாக அடைபடவில்லை. ஒரு வருஷம் ஒதுங்கி மொழியைக் கற்றுக்கொண்டு 1932-ல் தன் பழைய மௌனப்படமான ‘மாதுரி’யைப் பேசும்படமாக்கி நடித்தார், அப்புறம் பழைய வெற்றிப் படங்களையே வரிசையாகப் பேசவைத்தார்கள். 1935-ல் மறுபடியும் அனார்கலி, அப்போதும் அவரேதான். டி. பில்லிமோரியா ஜோடி. சொந்தமாக ரூபி பிக்ஸ் என்ற கம்பெனியும் தொடங்கினார். முப்பதுகள் முடியும்போதுதான் இறங்குமுகம். புது நாயகிகள் வந்துவிட்டார்கள், வயது ஏறிய நாயகிக்கு அம்மா, அத்தை வேடங்கள்தான் என்பது அன்றும் இருந்தது. ஆகவே பேசும்படம்தான் அவரை முடித்தது என்று எழுதுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

நாடக_மேடை:
சரி, ஒப்புக்கொள்கிறேன். மொழி கற்றுக்கொண்டு திரும்பி வந்தவரை ‘ஒதுக்கப்பட்டவர்’ என்று சொல்வது அவர் உழைப்பைக் குறைப்பதாகிவிடும்.

நைட்ரேட்:
படம் பார்ப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் சுமார் 1300 மௌனப்படங்கள் எடுக்கப்பட்டன, முழுசும் துண்டுமாகச் சேர்த்து 30 தேறினால் அதிகம். அன்றைய படச்சுருளான நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், பிடிக்காவிட்டாலும் நாளாக ஆகப் பொடிந்து போகும். மிஞ்சிய ரீல்களை அதிலிருந்த வெள்ளிக்காக உருக்கி விற்றார்கள். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964-ல்தான், அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. அதனால் சுலோசனாவைப் பார்க்க பிற்காலப் படங்களைத்தான் நம்ப வேண்டும். நீங்கள் பார்த்த 1953 அனார்கலி நல்ல தொடக்கம். அந்தக் காட்சிகளை வசனத்தை நிறுத்திவிட்டு ஒரு தடவை பாருங்கள்.

அவருக்கு 1973-ல் தாதாசாகேப் பால்கே விருது கொடுத்தார்கள். 1983-ல் மும்பையில் காலமானார்.