காசிமேட்டுக்கு மட்டும் ஒரு குட்டி டிவி நடத்த முடியுமா?

மீன்வாடை:
அமெரிக்காவில் சின்ன ஊர்களுக்கென்றே குறைந்த சக்தி டிவி நிலையங்கள் 1982 முதல் இருக்கின்றனவாம். எங்கள் ஏரியாவிலும் மீன் ஏலம், கடல் நிலவரம், தண்ணி லாரி நேரம் என்று சொல்ல நிறைய இருக்கிறது. மொட்டை மாடியில் ஆண்டெனா வைத்து இரண்டு கிலோமீட்டருக்கு ஒளிபரப்பினால் யாராவது தடுப்பார்களா?

பழைய கேபிள்காரன்:
தம்பி, தடுப்பதோடு நிற்க மாட்டார்கள், பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வானலை பொதுச்சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நிஜம்தான். அதற்கப்புறம் தனியாருக்கு எஃப்எம் கிடைத்தது, ஆண்டெனா டிவி கிடைக்கவில்லை. அது இன்றும் தூர்தர்ஷனுக்கு மட்டும்தான். அவர்களே சின்ன ஊர்களில் வைத்திருந்த 100 வாட் டிரான்ஸ்மிட்டர்களைப் பெரும்பாலும் மூடிவிட்டார்கள்.

நான் 1993-இல் வியாசர்பாடியில் 140 வீட்டுக்குக் கேபிள் இழுத்தவன். கண்ட்ரோல் ரூம் என்றால் எங்கள் படுக்கையறைதான்: ஒரு விசிஆர், படத்தைக் கேபிள் சிக்னலாக்கும் ஒரு மாடுலேட்டர், சூடு தணிக்க ஒரு டேபிள் ஃபேன். ஆடி மாதத் தீமிதியை எடுத்து மறுநாள் ராத்திரி போடுவேன். "என் பேரன் வர்ற இடத்தை இன்னொரு தடவை போடுப்பா" என்று கீழேயிருந்து குரல் வரும். சுற்றிச் சுற்றி டேப்பில் அந்த இடத்தில் மட்டும் கோடு விழுந்துவிட்டது. செட்டாப் பாக்ஸ் வந்ததும் அந்தக் கதை முடிந்தது. சிக்னல் பூட்டியே வருகிறது, தெருக் கேபிள்காரன் நடுவில் தன் சேனலை நுழைக்க முடியாது. இப்போது லோக்கல் சேனல் என்றால் எம்எஸ்ஓ, அதாவது தெருக் கேபிள்காரர்களுக்குச் சிக்னல் தரும் பெரிய நிறுவனம், அவர்கள் வழியாகத்தான்.

கிண்டி வாசி:
சமுதாய வானொலிக்கு முயலலாமே? அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 முதல் 90.4-இல் நடக்கிறது. பதிவு பெற்ற தொண்டு அமைப்பும் விண்ணப்பிக்கலாம், 100 வாட் வரை அனுமதி. படகில் இருப்பவர் டிவியா பார்க்கப்போகிறார்?

மீன்வாடை:
அது சரி. ஆனால் வஞ்சிரத்தின் செவுளை ரேடியோவில் எப்படிக் காட்டுவது?

பழைய கேபிள்காரன்:
விலையை மட்டும் சொல். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் எந்த அம்மா வாங்கியிருக்கிறார்?